நூதனசாலையில் ஒரு பாடவேளை

காரைநகரிலிருந்து புறப்பட்டு, சங்கானை, சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை ஆகிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு யாழ்ப்பாண நகரைச் சென்றடைகின்ற வீதியிலே நாள்தோறும் பஸ் வண்டியிற் பிரயாணஞ் செய்யும் மாணவர்களுள், தாம் கடந்துசெல்வது வடிவமைப்புக் கலையின் ஒரு நீண்ட சரித்திரம் என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. சண்டிலிப்பாய், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிப் போற்றிய கல்வளைப் பிள்ளையார் எழுந்தருளிய தலம். அடுத்துள்ள மானிப்பாய், அமெரிக்க மிஷனரிமார் 1834ஆம் ஆண்டளவில் அச்சியந்திரம் நிறுவி, ஈய எழுத்துக்களைக் கோத்துத் தமிழை அச்சேற்றிய ஊர். 58,500 சொற்களைத் தன்னகத்தே கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842இல் வெளிப்பட்டபோது மானிப்பாய் அகராதி என்றே பெயர்பெற்றது இதனாலேயாம். அதற்கப்பாலுள்ள ஆனைக்கோட்டையோ, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்விலே, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழியொன்றில், மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் பொறித்த சிறு முத்திரையொன்று கிடைத்த இடமாகும். வீதி முடிந்து நகரத்தை அடைந்த பின்னர், நல்லூர் நாவலர் வீதியிலே, நாவலர் கலாசார மண்டபத்தின் பின்புறத்தில், 1978இல் அமைந்த தொல்பொருள் நூதனசாலை இருக்கின்றது. அவ்வாசலை மிதியாமலே வடிவமைப்புக் கல்வியை முடித்து வெளியேறும் மாணவர் பலர் நம்மிடையே உளர் என்பது வருந்தத்தக்க விஷயம்.

மருதனார்மடத்திலே பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கூடங்களிற் கட்புலக் கலைகளைப் பயில்வோரும், வலிகாமத்துப் பாடசாலைகளிற் சித்திரத்தையும் வடிவமைப்பையும் பரீட்சைக்குரிய பாடங்களாகக் கற்போரும், நூதனசாலை செல்வதால் அடையக்கூடிய பிரயோசனம் யாது என்று வினவினால், பொதுவாகக் கிடைக்கும் விடை, பழைய கோலங்களைப் பார்த்துப் புதிய கோலங்கள் வரையலாம் என்பதே. இவ்விடை பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது மிகவும் சிறிய பயனைச் சுட்டிப் பெரிய பயனை மறைத்துவிடுகின்றது. ஒரு பொருள் ஏன் இந்த வடிவத்தை அடைந்தது, எந்தத் தேவை அதனை அழைத்தது, எந்த மூலப்பொருள் அதற்கு இடங்கொடுத்தது, எந்தக் கை அதனை முடித்தது, எந்தச் சமூகம் அதனைப் பயன்படுத்தியது என்ற கேள்விகளைப் பொருளின் முன்னிலையிலேயே நின்று கேட்கப் பழகுவதுதான் நூதனசாலை தரும் கல்வி. அந்தக் கல்வி, நூதனசாலையில் ஆரம்பித்து ஊரிலே பூர்த்தியாகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இன்றைய மாணவனுக்குப் படங்களுக்குக் குறைவில்லை. கைத்தொலைபேசியின் திரையிலே உலகத்தின் எத்திசைப் பொருளும் ஒரு கணத்தில் வந்து நிற்கும். ஆனால் திரையில் வரும் பொருளெல்லாம் ஒரே பருமனுடையது. ஆலயத் தேரும் ஆபரணத் திருகும் அங்கே உள்ளங்கையளவாகவே தோன்றும். பாரம், தடிப்பு, குளிர்ச்சி, அடிப்புறம், பொருத்து, தேய்வு, பழுதுபார்த்த தழும்பு ஆகிய இவற்றையெல்லாம் படம் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றது. வடிவமைப்பவனுக்கு வேண்டிய அறிவோ இவற்றிலேயே தங்கியிருக்கின்றது. கந்தரோடையை எடுத்துக்கொள்வோம். சண்டிலிப்பாய்க்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள அவ்வூரிற் சரித்திர ஆசிரியர் போல் பீரிஸ் முதலாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளிலும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையைச் சேர்ந்தோர் 1970இலும் அகழ்ந்தபோது கிடைத்தவற்றுள், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான மட்கல ஓடுகளும் உண்டு. படத்திற் பார்ப்பவன் இரண்டு நிறம் பூசிய கலமென்று எண்ணிக் கடந்துவிடுவான். ஓட்டின் உடைந்த விளிம்பை நேரிற் காண்பவனுக்கோ பூச்சு என்ற எண்ணம் உடனே நீங்கும். கலத்தைச் சூளையிலே கவிழ்த்து வைத்தமையால் உட்புறத்துக்குக் காற்று எட்டாமற் கறுத்தது, காற்றுப்பட்ட வெளிப்புறஞ் சிவந்தது என்ற உண்மை, ஆசிரியர் ஒரு வாக்கியஞ் சொன்ன மாத்திரத்திலே மனத்திற் பதியும். நிறம் என்பது இறுதியிற் சேர்க்கும் அலங்காரமென்று நினைத்திருந்த மாணவன், செய்முறையிலிருந்தே நிறம் பிறக்கலாம் என்பதை அந்த ஓட்டுத்துண்டிலிருந்து கற்றுக்கொள்கிறான்.

ஆனைக்கோட்டை முத்திரையும் இவ்வாறானதே. அதன் குறியீடுகளும் எழுத்துக்களும் ஒரே பொருளையே குறித்தன என்று கருதும் ஆய்வாளர் உளர். அவ்வாராய்ச்சி சரித்திரகாரருக்கு உரியது. எழுத்துருவும் இலச்சினையும் வரையப் பயிலும் மாணவனுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கின்றது. விரலிலே தாங்கக்கூடிய ஒரு சிறு பரப்பிலே, இருவகைக் குறிகளை இரண்டு வரிகளாக நிறுத்தி, ஒன்றையொன்று நெருக்காமல் இடைவெளி விட்டு, பதிக்கும்போது தெளிவாக விழும்படி வெட்டிய அந்தக் கை, இன்று யாழ்ப்பாணத்துக் கடைவீதிகளிலே மும்மொழியையும் தொலைபேசி இலக்கங்களையும் கடைக்காரரின் படத்தையும் ஒரு பிளெக்ஸ் பலகையில் அடைத்து ஒன்றையும் வாசிக்க முடியாமற் செய்துவிடும் நமது அவசரத்துக்குச் சரியான மறுமொழியாக நிற்கின்றது.

நூதனசாலையும் வடிவமைப்புப் பள்ளியும் நவீன உலகிலே இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1851இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியை அடுத்து, 1852இல் ஹென்றி கோல் என்பவர் கைத்தொழிற் பொருள்களுக்கென ஒரு நூதனசாலையை உருவாக்கியபோது, வடிவமைப்புப் பள்ளியின் மாணவருக்குப் பாடப்புத்தகமாக அது பயன்படவேண்டும் என்பதே அவர் நோக்கம். நல்லனவற்றை மாத்திரம் வைப்பதோடு அமையாமல், தவறான அலங்காரத்துக்கு உதாரணங்களான பொருள்களையும் ஓரறையில் அவர் காட்சிக்கு வைத்தார். தம் பொருள்கள் அங்கே இகழப்படுவதைக் கண்ட உற்பத்தியாளர் சினந்தனர். அறையும் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் சவுத் கென்சிங்டனுக்கு இடம்மாறிய அத்தாபனம், பகலில் தொழில் செய்வோர் மாலையில் வந்து பார்க்கும்படி வாயுவிளக்கேற்றித் திறந்துவைக்கப்பட்டது. துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் கோலம் வகுத்த வில்லியம் மொறிஸ் அதனை இடையறாது பயன்படுத்தியவர். 1893இல் பாரசீகத்து அர்டபில் கம்பளத்தை வாங்குமாறு அந்நூதனசாலைக்கு ஆலோசனை கூறியவரும் அவரே. சென்னையிலும் அலெக்சாந்தர் ஹன்ரர் கலைப்பள்ளியை 1850இல் ஆரம்பிக்க, அரசாங்க நூதனசாலை 1851இல் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றிலே நமக்கு மிகவும் நெருங்கிய அத்தியாயம் அகமதாபாத்தில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து வேர்களையுடைய சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரும், 1877இற் கொழும்பிற் பிறந்தவருமாகிய ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருளாய்வுத் தலைவராக இலங்கையின் கிராமங்களிலே சுற்றித் திரிந்த காலத்திற் கல்லையும் மண்ணையும் ஆராய வந்த தம் கண்களைத் தச்சரும் கன்னாரும் நெசவாளரும் செய்த பொருள்களின்பாற் செலுத்தி, அதன் பயனாக மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908இல் 425 பிரதிகளாக அச்சிட்டு வெளியிட்டார். 1917 முதற் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலே இந்தியக் கலைப் பிரிவைக் காத்த அவர், துணிகளுக்கென ஒரு தாபனம் அகமதாபாத்திலே வேண்டுமென்று அந்நகரத்து ஆலையதிபர்களான சாராபாய் குடும்பத்தாருக்கு 1940களில் எடுத்துரைத்தார்; 1949இற் கலிக்கோ துணி நூதனசாலை தோன்றியது. அதே நகரத்தில், அதே குடும்பத்தாரின் ஊக்கத்தோடு, தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் அமைந்தபோது, அதன் மாணவருக்கு அண்டையிலேயே ஓர் ஒப்பற்ற துணிக் களஞ்சியம் காத்திருந்தது. யாழ்ப்பாண வழிவந்த ஒருவரின் யோசனையால் குஜராத்து மாணவர் பெற்ற இப்பேற்றை, யாழ்ப்பாணத்து மாணவர் தமக்கும் உரியதாக எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

ஆனால் இதே குமாரசுவாமிதான் நூதனசாலைகளைக் குறித்துக் கடுமையான ஆட்சேபம் எழுப்பியவரும் ஆவார். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவை யாவும் பேழைக்காகச் செய்யப்பட்டவையல்ல. வழிபடவோ உடுக்கவோ உண்ணவோ செய்யப்பட்டவை. அவற்றின் உபயோகத்தையும் பொருளையும் அறியாமல் அழகை மாத்திரம் பார்த்து மகிழ்வது கல்வியாகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த ஆட்சேபத்தைப் பொஸ்டன் நகரத்து மாணவர் முற்றாகப் பரிகரித்தல் கடினம்; பேழையிலுள்ள நடராஜரை வீதியுலாவிற் காண அவர் எங்கே போவார்? சண்டிலிப்பாய் மாணவருக்கோ இப்பரிகாரம் வீட்டுவாசலிலேயே கிடைக்கின்றது. நூதனசாலையிலே அசையாமல் நிற்கும் மரச்சிற்பத்தின் உடன்பிறப்பைக் கல்வளையிலும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலிலும் திருவிழாக் காலத்திலே வாகனமாகத் தோளில் ஏறிவரக் காணலாம். தூக்குவோரின் தோளுக்குப் பாரம் எவ்வாறு பகிரப்படுகின்றது, இருளில் விளக்கொளி கீழிருந்து படும்போது முகத்தின் செதுக்கல் எவ்வாறு மாறுகின்றது, தூரத்திலிருந்து காண்பவருக்காகக் கண் ஏன் அளவுக்கு மீறிப் பெரிதாக வரையப்பட்டது என்பனவெல்லாம் அங்கேதான் விளங்கும். பேழையிலே பொருளின் உறுப்புக்களை நின்று நிதானித்துக் கற்கலாம். ஊரிலே அதன் இயக்கத்தைக் கற்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு உரை.

வீட்டுப் பொருள்களிலும் இவ்வொப்புநோக்கு மிக்க பயன் தரும். நாவற்குழியில் 2020ஆம் ஆண்டு தைமாதத்திலே திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட்காட்சியகத்தில், நம் முன்னோர் பயன்படுத்திய பாத்திரங்களும் உபகரணங்களும் பழைய வாகனங்களும் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய பொருள்களைக் கண்டுவந்த மாணவி, தன் பாட்டியின் அடுக்களையிலே நீத்துப்பெட்டி இன்னும் தொங்குமாயின், அதனை இறக்கிப் பார்க்கட்டும். கூம்பாகப் பின்னிய பனையோலை; அகன்ற வாய் மேலே, ஒடுங்கிய நுனி கீழே, பானையின் கழுத்திற் பொருந்தும் சரிவு. பின்னலின் இடுக்குகளால் ஆவி ஏறுகின்றது. மிகையான நீரை ஓலை உறிஞ்சுகின்றது. பிட்டு குழையாமல் வேகின்றது. வடிவம், மூலப்பொருள், தொழில் என்ற மூன்றும் இவ்வளவு இறுக்கமாக இணைந்த வேறொரு சமையற் பாத்திரத்தைக் காட்டுவது அரிது. நுண்ணிய பின்னலுக்குக் குருத்தோலை, உரம் வேண்டிய கடகத்துக்குச் சார்வோலை, விளிம்புக்கு நார் என ஒரே மரத்தின் உறுப்புக்களைத் தன்மையறிந்து பிரித்த அறிவு, மூலப்பொருளியல் என்ற பெயரிற் பாடமாக வரும் விஷயமேயன்றி வேறன்று. ஆடுகாலும் துலாவும் ஓலைப்பட்டையும் சேர்ந்த பழைய இறைப்பு முறையிலே, துலாவின்மேல் நடப்பவரின் உடற்பாரமே இயந்திரத்தின் சக்தியாக மாறிய விதம், நெம்புகோல் தத்துவத்துக்குத் தோட்டத்திலே எழுதிய வியாக்கியானம்.

பொருளை ஆழ்ந்து வாசிப்பது எப்படி என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 1958இல் அளித்த அறிக்கையிலே, தாம் இந்தியாவிற் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாகச் சாதாரணச் செம்பைத் தேர்ந்து, அது கொள்ளும் நீரின் அளவு, நிறைந்தபோதும் வெறுமையானபோதும் அதன் சமநிலை, இடுப்பிலும் கையிலும் அது அமரும் விதம், ஊற்றும்போது நீர் விழும் போக்கு, தேய்த்துக் கழுவும் வசதி, விலை என்று கேள்விமேற் கேள்வியாக அடுக்கினர். அந்தக் கேள்விகளை யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியிடம் நம் மாணவர் கேட்கட்டும். பித்தளைப் பேணியின் பக்கத்திலே நீண்டிருக்கும் அந்த மூக்கு, உதட்டிற் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு நீரை ஒழுங்கான தாரையாக்கித் தருகின்றது. ஆகவே ஒரே பேணியைப் பலர் கழுவாமலே பயன்படுத்தலாம். சுகாதாரம், சிக்கனம், உபசாரம் ஆகிய மூன்றும் ஒரு வளைவிலே அடங்கிவிட்டன.

இவ்வளவோடு நிறுத்தினால் அது பாதி வாசிப்பே. இந்த அழகிய பேணி எல்லாருக்கும் நீட்டப்பட்டதா என்பதே அடுத்து வரவேண்டிய கேள்வி. ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் தனிப் பாத்திரங்களிலும் தண்ணீரும் தேநீரும் வார்த்த சமூகமும் இதுவே. அந்த அநீதிக்கெதிராக 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் மூண்டெழுந்த களங்களுள் ஒன்று, சண்டிலிப்பாய்க்கு அயலூராகிய சங்கானை. பித்தளைப் பேணியையும் சிரட்டையையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டும் நூதனசாலை, எந்த நூலும் சொல்லாத வேகத்தோடு, பாத்திரத்தின் வடிவம் மனிதருக்கிடையிலுள்ள தூரத்தையும் அளந்து வைத்திருக்கின்றது என்பதை உணர்த்திவிடும். தான் வரையும் கதிரையும் கட்டும் வாசலும் யாரை உள்ளே அழைக்கின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்று சிந்திக்கத் தெரியாதவன் எவ்வளவு நேர்த்தியாகக் கோடு கீறினும் வடிவமைப்பாளன் ஆகான். பழமையைப் புகழ்வதற்காக மாத்திரம் மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்வோர் இதனை மறத்தலாகாது.

நம் பிரதேசத்தின் நூதனசாலைகள் செல்வம் நிறைந்தவையல்ல. யுத்தமும் இடப்பெயர்வும் ஓவியங்களையும் ஏடுகளையும் வீட்டுப் பொருள்களையும் ஒருங்கே விழுங்கின. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. ஆயினும் அந்த நூலகக் கட்டடம் மீண்டெழுந்த பின்னர், 2004இல் அங்கே நடந்த கலைக்காட்சியிலே, ஓவியரும் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன், மாணவரின் துணையோடு யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சாதாரணப் பொருள்களைத் திரட்டி ஒரு காட்சிப்படைப்பாக நிறுத்தினார். எளிய மக்களின் கையிருப்பும் சரித்திரச் சான்றாகும் என்பதை அது நிரூபித்தது. சேகரிப்போர் மாணவராகவே இருக்கலாம் என்பதையும் நிரூபித்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு கட்டப்பட்டு, 2023இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, இன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கும் கலாசார மையத்திலே இரண்டு தளங்கள் நூதனசாலைக்கென்றே அமைந்துள்ளன. அவற்றில் ஒரு பகுதியையேனும், மாணவர் கையில் எடுத்துப் பார்த்து அளந்து வரையத்தக்க கற்கைப் பொருள்களுக்கு ஒதுக்குவது மிகப் பொருத்தமாகும்.

விஜயம் எப்படி நிகழவேண்டும் என்பதும் முக்கியமானது. ஒரு முழு நாளிலே கோட்டை, நூலகம், நல்லூர், நூதனசாலை, கசூரினா கடற்கரை என்று ஐந்தையும் சுற்றிவரும் உல்லாசப் பயணத்தில் நூதனசாலைக்கு அரைமணி நேரங் கிடைக்கும். அந்த அரைமணியில் மாணவர் நூறு பொருள்களைக் கடந்து ஒன்றையும் காணமாட்டார். ஒரு தவணைக்கு ஒரு தடவை சென்றாலும் போதும். ஆனால் ஒவ்வொரு மாணவரும் ஒரேயொரு பொருளைத் தெரிந்து, அதன்முன் ஒரு பாடவேளை முழுவதும் அமர்ந்து, முகப்பும் பக்கமும் மேற்றோற்றமும் வெட்டுமுகமுமாக அளவுப்படி வரைந்து, பொருத்துக்களையும் தேய்வையும் குறித்துக்கொள்ளவேண்டும். அடுத்த வாரம் அப்பொருளின் உயிருள்ள இனத்தை ஊரிலே தேடி, அதனைச் செய்பவரிடமோ பயன்படுத்தியவரிடமோ கேட்டறியவேண்டும். மூன்றாவதாக, ஓலையிலோ களியிலோ கடதாசியிலோ அதனை மீளச் செய்து பார்க்கவேண்டும். செய்யும்போதுதான் முன்னோர் எதனால் இடறினர், எதனை வென்றனர் என்பது கைக்குப் புலப்படும். இறுதியாக, கற்ற தத்துவத்தை இன்றைய தேவையொன்றுக்குப் பிரயோகிக்கவேண்டும்.

இந்த இறுதிப் படி இல்லையேல் முந்திய மூன்றும் வெறும் பழம்பெருமையாய் முடியும். யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளின் வாசலிலே கூரையிட்டு நின்ற சங்கடப்படலை, உரிமையாளருக்கு வாயிலாகவும் வழிப்போக்கருக்கு நிழலாகவும் ஒருங்கே பயன்பட்டது. சுமைதாங்கி, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றும்படி மனிதரின் தோளுயரத்தைப் பிரமாணமாகக் கொண்டு அமைந்தது. இவ்விரண்டையும் அளந்து வரைந்த மாணவர், காரைநகர் வீதியிலே தகரக் கூரையின் வெக்கையில் முதியோரும் பிள்ளைகளும் காத்து நிற்கும் பஸ் தரிப்பிடத்தை எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வரையட்டும். நீத்துப்பெட்டியைக் கற்றவர், பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக உணவகங்கள் உபயோகிக்கத்தக்க ஓலைக்கலம் ஒன்றை உருவாக்க முயலட்டும். 1978 முதல் இயங்கிவரும் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனைக்கூடங்களுக்கு இத்தகைய புதிய வடிவங்கள் அவசியமாகவே இருக்கின்றன.

பாடத்திட்டத்தில் நேரமில்லை, பரீட்சையிற் புள்ளியில்லை என்று ஆசிரியர் சொல்வர், அதில் நியாயமுண்டு. ஆகவே நூதனசாலையில் வரைந்த அளவுப்படத்தையும் ஊரிலே சேகரித்த குறிப்பையும் மாணவரின் செயல்முறைக் கணிப்பீட்டிலேயே சேர்த்துப் புள்ளி வழங்கக் கல்வித் திணைக்களம் ஒழுங்கு செய்யவேண்டும். நூதனசாலையினரும் தங்கள் பங்குக்கு, இரும்புப் பெட்டி, மரத்தூண் என்று பெயரை மாத்திரம் எழுதும் வழக்கத்தை விடுத்து, மூலப்பொருள், அளவு, செய்முறை, கிடைத்த ஊர், உபயோகம் ஆகியவற்றை நல்ல தமிழிற் பொறித்து, மாணவர் அமர்ந்து வரைய வாங்குகளும் வெளிச்சமும் தருதல் வேண்டும். பெரும்பணச் செலவுள்ள காரியம் இவற்றில் ஒன்றுமில்லை. பழைய கைவினை தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவரும் நிலையிலே, பொருளுக்கும் அதனை விளக்கவல்ல மனிதருக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துபோகுமாயின், பேழையிலுள்ளவற்றை நம் பிள்ளைகளும் அயல்நாட்டுப் பிரயாணிகளைப் போலவே பார்க்கும் காலம் வந்துவிடும். அக்காலம் வருமுன் பாடவேளையை ஒதுக்கவேண்டிய பொறுப்பு, கல்வித் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நூதனசாலைகளுக்கும் சமமாகவே உண்டு. வருகின்ற தவணையிலேயே ஒரு பாடசாலையும் ஒரு நூதனசாலையும் கைகோத்து இதனைத் தொடங்கிவிட்டால், மற்றவை பின்தொடர அதிக காலம் செல்லாது.